ஒரு துறைமுகமும் பல நோக்குகளும்: ஃபீனிக்ஸ் பேயை முன்வைத்துப் புவியியல் அணுகுமுறைகளின் வரலாறு

முன்னுரை

ஓர் இடத்தை அறிதல் என்பது ஒரே வகையான செயலன்று. கடலோடி துறையின் ஆழத்தை அளக்கிறான். ஆட்சியாளர் மக்களை எண்ணுகிறார். மருத்துவர் நோயின் பரவலைக் குறிக்கிறார். நிலவியலார் பாறையின் அசைவைக் கணிக்கிறார். அங்கு வாழ்பவரோ மலரையும் மீனையும் காற்றையும் கொண்டு அதனை உணர்கிறார். இவை யாவும் புவியியல் அறிவே. எனினும் ஒவ்வொரு காலத்திலும் ஒரு நோக்கே அதிகாரம் பெற்று ஏனையவற்றைப் பின்தள்ளி வந்துள்ளது. அவ்வாறு பின்தள்ளியதன் விளைவு ஏட்டளவில் நிற்காமல் உயிரிழப்பாகவும் முடிந்துள்ளது என்பதை அந்தமான் தலைநகரிலுள்ள ஃபீனிக்ஸ் பே என்னும் சிறு விரிகுடாவையும் அது அமைந்த துறைமுகத்தையும் சான்றாகக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் இலக்கண மரபின் திணைக்கோட்பாடு இவ்விவாதத்தில் பெறும் இடமும் ஈண்டு ஆராயப்படுகிறது.

ஆய்வுக்களமும் நான்கு மரபுகளும்

ஃபீனிக்ஸ் பே, தெற்கு அந்தமான் தீவின் கிழக்குக் கரையில், 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் எனவும் அதன்பின் ஸ்ரீ விஜய புரம் எனவும் வழங்கும் நகரின் வடபகுதியில் அமைந்துள்ளது. அபர்தீன் பகுதிக்கும் சாத்தம் தீவுக்கும் இடைப்பட்ட கரையில் உள்ள இத்துறையிலிருந்தே தீவுகளுக்கிடையிலான பயணிகள் கப்பல்கள் புறப்படுகின்றன. கப்பல்களைப் பழுதுபார்க்கும் தளமும் இங்குள்ளது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல்தொலைவில் உள்ள இந்நகரில் தமிழர் கணிசமாக வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவராவர்.

புவியியலைப் பயிலும் முறைகளை வகைப்படுத்த முயன்றோர் பலர். அவர்களுள் அமெரிக்க அறிஞர் வில்லியம் பாட்டிசன் 1964இல் முன்வைத்த நான்கு மரபுகள் பரவலாக எடுத்தாளப்படுபவை. தொலைவு, திசை, அமைவிடம் ஆகியவற்றை முதன்மைப்படுத்துவது இடவியல் மரபு. ஒரு பகுதியின் தனித்தன்மையை முழுமையாக விவரிப்பது வட்டார ஆய்வு மரபு. மக்களுக்கும் சூழலுக்கும் உள்ள உறவை ஆராய்வது மனிதன்-நிலம் மரபு. நிலம், நீர், காற்று ஆகியவற்றின் இயற்பியலை ஆராய்வது புவி அறிவியல் மரபு. இந்நான்கும் இத்துறைமுகத்தின் வரலாற்றில் ஒன்றன்பின் ஒன்றாகவும் சிற்சில வேளைகளில் ஒன்றோடொன்று முரண்பட்டும் செயற்பட்டிருத்தலைக் காணலாம்.

இடவியல் நோக்கு: துறையைக் கண்டவரும் நோயைக் காணாதவரும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்க் கடற்படையைச் சார்ந்த ஆர்ச்சிபால்ட் பிளேர் 1788-89ஆம் ஆண்டுகளில் அந்தமான் கரைகளை அளந்தார். புயலுக்கு ஒதுங்கவும் கப்பல்கள் நீர் நிரப்பவும் ஏற்ற துறையைத் தேடுவதே அவ்வளவையின் குறிக்கோள். தெற்கு அந்தமானின் நன்கு அரண்பட்ட துறைமுகத்தை அவர் தேர்ந்தார். 1789இல் சாத்தம் தீவில் முதல் குடியிருப்பு உருவாயிற்று. ஆனால் கடற்படைத் தேவைக்கு வடக்கு அந்தமானின் துறையே மேலானது என்னும் கருத்து மேலோங்கவே, 1792இல் குடியிருப்பு அங்கு மாற்றப்பட்டது. அங்கு நோயும் சாவும் மிகுந்தமையால் 1796இல் அது முற்றிலும் கைவிடப்பட்டது.

இந்நிகழ்ச்சி நுண்ணிதின் நோக்கத்தக்கது. இடமாற்றத்தை முடிவு செய்தோர் ஆழம், காற்றுமறைவு, கப்பல் நிறுத்தும் பரப்பு ஆகியவற்றில் பிழை செய்தனர் என்பதற்கில்லை. அவர்களது வரைபடம் தன் அளவில் சரியானதே. கடலிலிருந்து கரையைப் பார்த்த அப்பார்வை, கரையில் தங்கி வாழ்வோர் உடலுக்கு என்ன நேரும் என்பதைக் கேட்கவில்லை. வரைபடத்தின் துல்லியம் வேறு, அறிவின் முழுமை வேறு என்பது இதனாற் பெறப்படும்.

1857 எழுச்சிக்குப் பின் கைதிகளை நாடுகடத்த இடம் தேடிய ஆங்கில அரசு, மருத்துவர் மோவாட் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. அக்குழு பிளேரின் பழைய துறையையே பரிந்துரைத்தது. அவர் பெயரால் அது போர்ட் பிளேர் எனப்பட்டது. 1858 மார்ச் 10ஆம் நாள் கண்காணிப்பாளர் வாக்கர் 200 கைதிகளுடன் வந்திறங்கினார். முன்பு ஒதுங்கிடமாகத் தெரிந்த அதே நீர்ப்பரப்பு இப்போது தப்பிக்க இயலாத வேலியாகத் தெரிந்தது. இடம் மாறவில்லை, இடத்தின்பால் எழுப்பப்பட்ட வினாவே மாறியது.

வட்டார நோக்கு: எண்ணப்பட்டோரும் எண்ணிக்கையிற் குறைந்தோரும்

குடியிருப்பு நிலைபெற்றபின் அளவை நூல்களும் கணக்கெடுப்புகளும் விவரச் சுவடிகளும் பெருகின. 1883 முதல் 1886 வரை ஹாப்டே என்பாரின் தலைமையில் அந்தமான் தீவுகளின் நிலவமைப்பு அளக்கப்பட்டது. தலைமை ஆணையராயிருந்த ரிச்சர்டு டெம்பிள் 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அறிக்கையை உருவாக்கினார். காடு, விளைநிலம், ஊர், சிறை, பட்டறை எனப் பகுதி பகுதியாக வகுத்து விவரிக்கும் வட்டார மரபின் நல்ல எடுத்துக்காட்டுகளாக இவ்வெழுத்துகள் விளங்குகின்றன. இவ்வகைப் பதிவுகளில் ஃபீனிக்ஸ் பே, கைதிகள் உழைத்த பட்டறைகளின் இடமாகவே தோன்றுகிறது. இரும்பும் மரமும் ஆளும் ஒன்றுகூடிய உற்பத்திக்களம் என்பதே ஆட்சியாளர் கண்ட ஃபீனிக்ஸ் பே.

இம்மரபின் வலிமை அதன் விரிவு. அதன் குறை அது எந்த வகைப்பாட்டைக் கொண்டு தொடங்குகிறது என்பதிலேயே உள்ளது. துறைமுகக் கரைகள் அக்கா-பேயா என்னும் மொழி பேசிய பெரிய அந்தமானியப் பிரிவினரின் வாழ்நிலமாகும். 1859 மே 17ஆம் நாள் அபர்தீனில் அவர்கள் குடியிருப்பைத் தாக்கியமை தம் நிலத்திற்கான போராட்டமே. ஆட்சிப் பதிவுகளிலோ அது அமைதிக்குக் குலைவாகக் கொள்ளப்பட்டது. பின்னர்த் தொற்றுநோய்கள், குறிப்பாக 1877இல் பரவிய தட்டம்மை, அம்மக்களைப் பேரளவில் அழித்தன. 1901ஆம் ஆண்டுக் கணக்கில் பெரிய அந்தமானியர் எல்லாப் பிரிவினரும் சேர்ந்து 625 பேர். 1961இல் 19 பேர். வட்டாரத்தைப் பற்றிய விவரம் ஆண்டுதோறும் பெருகிய அதே வேகத்தில் அவ்வட்டாரத்தின் முதற்குடிகள் மறைந்தனர் என்பது புவியியல் வரலாறு எதிர்கொள்ள வேண்டிய உண்மையாகும்.

பிற்காலக் குடியேற்றங்களுக்கும் இது பொருந்தும். 1970களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் நிக்கோபார்த் தொகுதியின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்டத் தொழிலுக்காகக் குடியமர்த்தப்பட்டன. தோட்டத்தின் பரப்பும் ஆட்களின் தேவையும் திட்டத்தில் இடம்பெற்றன. மலைநாட்டிலிருந்து வந்த அம்மக்கள் கடலைப் பற்றி அறிந்திருந்தனரா என்பது அத்திட்டத்தின் வினாவாக இருக்கவில்லை. 2004இல் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட தீவுகளுள் கச்சாலும் ஒன்று.

மனிதன்-நிலம் நோக்கு: சதுப்பும் கொசுவும்

சூழலே மனித வாழ்வை முடிவு செய்கிறது என்னும் கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செல்வாக்குற்றிருந்தது. அந்தமானின் காய்ச்சலைத் தீவுகளின் வெப்பமும் ஈரமும் விளைத்த இயல்பான தீங்கு எனக் கருதுவது அக்கொள்கைக்கு எளிது. இதனை மாற்றியவர் மருத்துவ அறிஞர் கிறிஸ்டோபர்ஸ். 1912இல் வெளியான அந்தமான் மலேரியா பற்றிய தம் ஆய்வில், நோயைப் பரப்பும் கொசு கடலோர உவர்நீர்ச் சதுப்புகளில் பெருகுவதையும், அச்சதுப்புகளை அடுத்த குடியிருப்புகளிலேயே காய்ச்சல் மிகுவதையும் அவர் காட்டினார். எந்தக் கரை, எந்த நீர், எந்தக் கொசு, எந்தக் குடியிருப்பு என்னும் கேள்விகளால் நோய்க்கு ஒரு திட்டமான நிலப்படம் கிடைத்தது.

முதற்குடியிருப்புகளை அலைக்கழித்த காய்ச்சலை ஆராயும் வழி இவ்வாறு பிளேருக்குப் பின் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கழிந்தபோது புலப்பட்டது. சூழல் மனிதனை ஆள்கிறது என்பதும் மனிதன் சூழலை ஆள்கிறான் என்பதும் அரைகுறை உண்மைகளே என்பதை இது உணர்த்துகிறது. சதுப்பு இயற்கையின் ஆக்கம். சதுப்பின் அருகே கைதிகளைக் குடியமர்த்தியது அரசின் ஆக்கம். நோய் இவ்விரண்டின் கூட்டு விளைவு.

புவி அறிவியல் நோக்கு: அசையும் தரை

மேற்கண்ட மூன்று நோக்குகளும் தரையை நிலையானதாகக் கொண்டன. ஆனால் போர்ட் பிளேரில் 1880 முதல் கடல்மட்டத்தின் ஏற்றவிறக்கத்தைப் பதிவு செய்த ஓத அளவி வேறொரு செய்தியைத் தாங்கியிருந்தது. 1881 டிசம்பர் 31ஆம் நாள் கார் நிக்கோபார் அருகே எழுந்த நிலநடுக்கத்தால் உண்டான ஆழிப்பேரலையை அக்கருவியும் நாகப்பட்டினம் முதலிய வங்கக்கடல் துறைகளில் இருந்த கருவிகளும் பதிவு செய்தன. 1883இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலையும் பதிவாயிற்று. 1941 ஜூன் 26இல் மற்றுமொரு பெருநடுக்கம் அந்தமானைத் தாக்கியது.

இந்தியப் புவித்தட்டு அந்தமானின் மேற்கே அடித்தட்டாக அமிழ்ந்து செல்கிறது. அதனால் சேரும் இறுக்கம் 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுமத்திராவின் வடபகுதி முதல் அந்தமானின் வடகோடி வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒருசேர விடுபட்டது. வடக்கு அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்து பவளப்பாறைகள் நீருக்கு வெளியே வந்தன. போர்ட் பிளேர்ப் பகுதியோ சுமார் 1 மீட்டர் தாழ்ந்தது. நிக்கோபாரின் தென்முனையாகிய இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்தது. இத்தீவுகளில் மாண்டோரும் காணாமற் போனோரும் 3,000 பேருக்கு மேற்பட்டோர்.

போர்ட் பிளேரையடுத்த சிப்பிகாட், பாம்பூ ஃபிளாட் முதலிய தாழ்நிலங்களில் கடல்நீர் புகுந்து நிலைத்தது. வயல்கள் உவர்நீர்த் தேக்கங்களாயின. இந்நிலையில் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தின் அறிஞர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வொன்று, உவர்நீர்க் கொசு பெருகுதற்கேற்ற புதிய நீர்நிலைகள் தெற்கு அந்தமானில் தோன்றியிருப்பதையும் அதனால் மலேரியா பரவும் இடர் உண்டென்பதையும் எடுத்துரைத்தது. கிறிஸ்டோபர்ஸ் கண்ட சதுப்பை நிலநடுக்கம் மீண்டும் உருவாக்கியது எனலாம். தரை தாழ்ந்ததைக் கணிப்பது புவி அறிவியல். தாழ்ந்த தரையில் யாருக்குக் காய்ச்சல் வரும் என்பதைக் கணிப்பது மனிதன்-நிலம் மரபு. இரண்டும் இணைந்தபோதே பயனுள்ள எச்சரிக்கை பிறந்தது. தனித்தனியே நின்றிருப்பின் ஒன்று நிலவியல் ஏட்டிலும் மற்றொன்று மருத்துவ ஏட்டிலும் தங்கியிருக்கும்.

வாழ்வோர் நோக்கு

மேற்கூறிய நான்கும் வெளியிலிருந்து இடத்தை நோக்குபவை. இத்துறைமுகத்தை உள்ளிருந்து அறிந்தோர்க்கும் தமக்கென ஒரு புவியியல் இருந்தது. அந்தமானியர் வாழ்வை விரிவாக எழுதிய எட்வர்டு மேன், அம்மக்கள் தம்மைக் கரைவாழ்நர் எனவும் காடுவாழ்நர் எனவும் இரண்டாகப் பகுத்துக்கொண்டதைப் பதிவு செய்துள்ளார். முன்னவர் அர்யோதோ, பின்னவர் எரெம்தாகா. உணவு, கருவி, கலன், திறன் ஆகியவற்றில் இவ்விரு சாரார்க்கும் வேறுபாடு உண்டு. 1906 முதல் 1908 வரை அங்குக் களப்பணி செய்து 1922இல் நூல் வெளியிட்ட ராட்கிளிஃப் பிரவுன், காட்டில் அடுத்தடுத்து மலரும் மரங்கொடிகளின் மணத்தைக் கொண்டு ஆண்டின் பகுதிகளை அந்தமானியர் அறிந்ததைக் குறித்து, அதனை மணங்களின் நாட்காட்டி என விளக்கினார்.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இது வியப்பளிக்காது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் பிரிக்காது முதற்பொருளாக வைக்கிறது. மரம், புள், விலங்கு, உணவு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருளாக அதனோடு இணைக்கிறது. மாந்தர் ஒழுக்கத்தை உரிப்பொருளாக்குகிறது. எந்நிலத்தையும் அதன் காலமின்றியும், அங்கு வாழ்வாரின் உணர்வின்றியும் அறிய இயலாது என்பதே இதன் உட்கிடை. இவ்விரு மரபுகளுக்கும் வரலாற்று உறவு உண்டெனக் கூறுவது இக்கட்டுரையின் கருத்தன்று. நிலத்தைச் சார்ந்து வாழும் மக்கள் இடத்தையும் காலத்தையும் உயிரினத்தையும் ஒருங்கே வைத்து அறிவர் என்னும் பொதுமையே இங்குச் சுட்டப்படுகிறது.

இவ்வறிவு வெறும் கற்பனையழகன்று. 2004இல் லிட்டில் அந்தமானின் ஓங்கே மக்கள் நிலம் நடுங்கிக் கடல் பின்வாங்கக் கண்டவுடன் மேட்டுநிலத்திற்குச் சென்று உயிர்தப்பினர். ஓத அளவியில் பதிவான 1881ஆம் ஆண்டுச் செய்தி ஆவணக் காப்பகத்தில் இருந்தது. முன்னோர் வழிவந்த செய்தி மக்களின் கால்களில் இருந்தது. ஆபத்து நேர்ந்தபோது பயன்பட்டது எது என்பதை ஆய்வுலகம் மறத்தல் கூடாது.

திணை ஆய்வில் இதே அணுகுமுறைகள்

புவியியலின் அணுகுமுறை மாற்றங்கள் தமிழியலுக்குப் புறம்பானவையல்ல. பி. டி. சீனிவாச ஐயங்கார் 1929இல் வெளியிட்ட தமிழர் வரலாற்றில் ஐந்நிலங்களையும் மாந்தர் பண்பாட்டு வளர்ச்சியின் படிகளோடு பொருத்தினார். சூழலே வாழ்க்கைமுறையை ஆக்குகிறது என்னும் அக்காலக் கொள்கையின் சாயல் அதிற் புலனாகிறது. தனிநாயகம் அடிகளார் இயற்கைக்கும் கவிதைக்கும் உள்ள பிணைப்பை முதன்மைப்படுத்தினார். கா. சிவத்தம்பி 1974இல் வெளியான கட்டுரையில் திணைப் பாகுபாட்டைச் சமனற்ற பொருளியல் வளர்ச்சியின் வெளிப்பாடாகக் கண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் மேலைப் புவியியலில் டேவிட் ஹார்வியின் சமூகநீதியும் நகரமும் என்னும் பொருளிலான நூல் 1973இலும், இடப்பற்றை ஆராய்ந்த யீ-ஃபூ துவானின் நூல் 1974இலும் வெளிவந்தமை ஒப்புநோக்கத்தக்கது. 1926இல் தோன்றிய சென்னைப் புவியியற் கழகமும் தமிழ்த்துறைகளும் ஒரே நகரில் நெடுங்காலம் இயங்கியும், திணை பற்றிய உரையாடல் இவ்விரு துறைகளுக்கிடையே போதிய அளவு வளரவில்லை.

பெயரும் அதிகாரமும்

வரைபடம் நடுநிலையான கண்ணாடியன்று, அது அதிகாரத்தின் மொழி என்பதை 1989இல் ஹார்லி என்னும் அறிஞர் வலியுறுத்தினார். இத்துறைமுகத்தின் பெயர்கள் அதற்குச் சான்று பகர்கின்றன. ஃபீனிக்ஸ், சாத்தம், அபர்தீன், ராஸ், வைப்பர், ஹேரியட் எனக் கப்பல், அதிகாரி, அதிகாரியின் மனைவி, தாய்நாட்டு ஊர் என்னும் வழிகளில் வந்த பெயர்கள் அக்கா-பேயா மொழிப் பெயர்களின் மேல் எழுதப்பட்டன. ராஸ் தீவு 2018இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவாகவும், ஹேரியட் மலை 2021இல் மணிப்பூர் மலையாகவும், நகரம் 2024இல் ஸ்ரீ விஜய புரமாகவும் மாறின. குடியேற்ற ஆட்சியின் சுவட்டை நீக்கும் நோக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் புதிய பெயர்களும் வெளியிலிருந்தே வந்தன. அக்கா-பேயா பேசுவோர் எவரும் இன்று இல்லை. 2010 ஜனவரியில் அக்கா-போ மொழியின் இறுதிப் பேச்சாளரான போவா மூதாட்டி மறைந்தார். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் எனக் குறிக்கும் நிலப்பகுதியைத் தமிழர் பெருமிதத்தோடு நினைவுகூர்வர். அப்பெயரும் கடல்கடந்து வந்தோர் வழங்கியதே என்பதையும் உடன் நினைத்தல் நேர்மையாகும்.

இன்றைய தேவை

பெரிய நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாவில் சரக்கு மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், நகரம் ஆகியன அமைக்கும் திட்டத்திற்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. உலகக் கப்பல் தடத்திற்கு அண்மை என்பதே அதன் முதன்மைக் காரணமாகக் காட்டப்படுகிறது. இது பிளேர் காலத்து இடவியல் நோக்கின் தொடர்ச்சியே. அதே தீவு 2004இல் பெருமளவு தாழ்ந்தது என்பது புவி அறிவியல் தரும் செய்தி. அக்கரை பேராமைகள் முட்டையிடும் இடம் என்பதும், தீவு ஷோம்பென், நிக்கோபாரியர் வாழ்நிலம் என்பதும் ஏனைய நோக்குகள் தரும் செய்திகள். திட்டம் வேண்டுமா வேண்டாவா என்னும் முடிவு அரசியலுக்குரியது. ஆனால் ஒரு நோக்கின் விடையை மட்டும் கொண்டு முடிவெடுத்தால் என்ன நேரும் என்பதற்கு 1796இல் கைவிடப்பட்ட குடியிருப்பும் 2004இல் மூழ்கிய வயல்களும் சான்றாக நிற்கின்றன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். முதலாவதாக, புவியியலின் அணுகுமுறைகள் ஒன்றையொன்று வென்று மாற்றும் படிநிலைகளல்ல. ஒவ்வொன்றும் தனக்குரிய வினாவுக்கே விடை தருகிறது. இரண்டாவதாக, ஒரு நோக்கு கேளாத வினாவின் விலையை, அந்நோக்கைத் தேர்ந்தவர் அல்லாத பிறரே பெரும்பாலும் செலுத்தியுள்ளனர்: கைதிகள், அக்கா-பேயா மக்கள், தோட்டத் தொழிலாளர், தாழ்நில உழவர் ஆகியோர். மூன்றாவதாக, நிலம், பொழுது, உயிர், ஒழுக்கம் ஆகியவற்றை ஒருங்கே வைக்கும் திணைக்கோட்பாடு, பிரிந்து கிடக்கும் அணுகுமுறைகளை இணைத்து நோக்க ஒரு சட்டகமாகப் பயன்படும். அதனைப் பழம்பெருமையாக மட்டும் கருதாது ஆய்வுக்கருவியாகக் கொள்ளுதல் வேண்டும்.

ஃபீனிக்ஸ் பேயில் கப்பலேறும் தமிழர் பலர் இரண்டு, மூன்று தலைமுறைகளாக இத்தீவுகளில் வாழ்பவர்கள். கரை எங்கே தாழ்ந்தது, எந்த வயலில் உப்புநீர் நின்றது, எந்த மாதக் காற்றில் எந்த மீன் வரும் என்பன அவர்களுட் பலரது பேச்சில் உள்ளன. அவ்வழக்குச் சொற்களையும் இடப்பெயர்களையும், நிக்கோபாரிய, ஓங்கே மக்களின் வாய்மொழிச் செய்திகளோடு அவர்தம் இசைவுபெற்றுத் தொகுப்பது தமிழ்த்துறைகளும் புவியியல் துறைகளும் இணைந்து ஆற்றவேண்டிய பணியாகும். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அடுத்த இரங்கலைத் தவிர்க்க உதவுமாயின் இலக்கிய ஆய்வும் புவியியலின் ஒரு பிரிவாக மதிக்கப்பெறும்.